கோப்பைக்குள் கொழுப்பு: கீட்டோ காபியின் கணக்கு

பாலும் சர்க்கரையும் கலந்த காபியை நாளுக்கு மூன்று தம்ளர் குடிப்பவர், ஒரு கவளம் சோறு உண்ணும் முன்பே கீட்டோஜெனிக் உணவுமுறை வகுத்திருக்கும் எல்லையை நெருங்கிவிடுகிறார். 100 மில்லி பசும்பாலில் லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம் இருக்கிறது. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை மேலும் 8 முதல் 10 கிராம் வரை சேர்க்கிறது. ஆனால் இந்த உணவுமுறையோ ஒரு நாள் முழுவதற்குமான மாவுச்சத்தையே 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கச் சொல்கிறது. வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் இதில் எந்தச் சலுகையும் கிடையாது. பாலையும் இனிப்பையும் நீக்கினால் எஞ்சுவது கசப்பான டிகாக்ஷன் மட்டுமே என்பதாலும், அன்றாட ஆற்றலில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்தே வரவேண்டும் என்பது இம்முறையின் விதி என்பதாலும், வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கிரீமும் காபிக்கும் தேநீருக்கும் வந்து சேர்ந்தன.

மாவுச்சத்து வெகுவாகக் குறையும்போது இன்சுலின் சுரப்பும் தாழ்கிறது. அதனால் கொழுப்புத் திசுக்களிலிருந்து விடுபடும் கொழுப்பு அமிலங்களைக் கல்லீரல் சிதைத்து, கீட்டோன்கள் என்னும் சிறு மூலக்கூறுகளாக மாற்றி, மூளை உள்ளிட்ட உறுப்புகளுக்கு மாற்று எரிபொருளாக அனுப்புகிறது. இந்த நிலையைச் செயற்கையாக உண்டாக்கும் உணவுமுறை உடல் மெலிவதற்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் 1921ஆம் ஆண்டு வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக இதை முன்மொழிந்தார். அதன் மரபான வடிவத்தில் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம் இருக்க வேண்டும்; அவ்வளவு கொழுப்பை ஒரு குழந்தையை உண்ணவைப்பது எளிதன்று. 1971இல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர், குறைந்த அளவிலேயே கூடுதல் கீட்டோன்களைத் தரும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை, அதாவது இன்று எம்.சி.டி. எண்ணெய் என விற்கப்படுவதை, இந்தச் சிகிச்சையில் புகுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

காபிக்குள் வெண்ணெய் புகுந்த வழி வேறு. டேவ் ஆஸ்ப்ரே என்ற அமெரிக்கத் தொழில்முனைவர், திபெத்தில் தாம் பருகிய வெண்ணெய்த் தேநீரே தமக்குத் தூண்டுதல் என்று கூறி, வெண்ணெயும் எம்.சி.டி. எண்ணெயும் கலந்த ‘புல்லட்புரூஃப்’ காபியைப் பரப்பினார். தமிழ்நாட்டில், இதேபோல் மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையைப் பின்பற்றுவோரிடையே அது ‘பட்டர் டீ’ ஆயிற்று. ஆனால் திபெத்தியர்கள் தேயிலைக் கட்டியை நெடுநேரம் கொதிக்கவைத்து, யாக் மாட்டின் வெண்ணெயும் உப்பும் சேர்த்து, நீண்ட மர உருளையில் கடைந்து எடுக்கும் அந்தத் தேநீரை வறுத்த பார்லி மாவுடன் பிசைந்தும் உண்கிறார்கள். கடுங்குளிரில், உயர்ந்த பீடபூமியில், நாள் முழுதும் உழைப்பவர்க்கு அது ஆற்றல் தரும் உணவு. மாவுச்சத்தைத் தவிர்ப்பது அவர்கள் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை.

அந்த மர உருளைக்கு அறிவியல் காரணம் உண்டு. சூடான டிகாக்ஷனில் வெண்ணெயைப் போட்டுக் கரண்டியால் கலக்கினால், அது உருகி மஞ்சள் நிறத் திட்டுகளாக மேலே மிதக்கும்; முதல் வாயில் எண்ணெயும் கடைசி வாயில் வெறும் கசப்புமே கிடைக்கும். மிக்ஸியில் சில நொடிகள் அடித்தாலோ கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி, நீரில் பரவி, பால்மம் என்னும் கலவையாகி, பால் ஊற்றியதைப் போன்ற நிறமும் நுரையும் பெறுகிறது. வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 விழுக்காடுதான். மீதியில் நீரோடு சிறிதளவு பால் புரதமும் பாஸ்போலிப்பிடுகளும் இருப்பதால், அவை துளிகளின் மேல் படிந்து ஒன்றோடொன்று சேராமல் காக்கின்றன. உருக்கிக் காய்ச்சும்போதே இவற்றை இழந்துவிடும் நெய், எவ்வளவு அடித்தாலும் விரைவில் பிரிந்து மேலேறிவிடும்.

தேங்காய் எண்ணெயை எம்.சி.டி. எண்ணெய்க்கு இணையாகக் கருதுவது பரவலான பிழை. எட்டும் பத்தும் கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலங்களே குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று விரைவாகக் கீட்டோன்களாகின்றன. தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து 15 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. ஏறத்தாழப் பாதி அளவுக்கு இருக்கும் லாரிக் அமிலம் பன்னிரண்டு கார்பன் கொண்டது. அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியே மெல்லப் பயணம் செய்கிறது. எம்.சி.டி. எண்ணெயைத் தொடக்கத்திலேயே மிகுதியாகக் குடிப்பவர்கள் வயிற்று வலியாலும் வயிற்றுப்போக்காலும் அவதிப்படுவதும் உண்டு.

எடை குறைப்புக்கு இந்தப் பானம் உதவுமா என்பதற்குக் கலோரிக் கணக்கே விடை. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சுமார் 100 கலோரி. அதே அளவு தேங்காய் எண்ணெய் சுமார் 120 கலோரி. கொழுப்பு இன்சுலினைப் பெரிதாகத் தூண்டுவதில்லை என்பதால் ‘விரதம் முறியாது’ என்பார்கள். இன்சுலின் அளவில் அது ஏறக்குறைய சரிதான், ஆனால் 220 கலோரியைக் குடித்துவிட்டு உண்ணாநோன்பு என்று சொல்லிக்கொள்வதை என்னவென்பது! கோப்பையிலிருந்து வந்த கொழுப்பும் இடுப்பிலிருந்து வந்த கொழுப்பும் ஒரே கீட்டோனாகவே மாறுகின்றன. இரத்தத்தில் அதை அளக்கும் கருவிக்கு வேறுபாடு தெரியாது. பசி அடங்கி அடுத்த வேளையில் குறைவாக உண்பவருக்கு இது பயன் தரலாம். வழக்கமான உணவோடு கூடுதலாகக் குடிப்பவருக்கு எடை குறையக் காரணமில்லை. காலையுணவுக்குப் பதிலாகக் குடிப்பவரோ அன்றைய புரதத்திலும் நார்ச்சத்திலும் ஒரு பங்கை இழக்கிறார்.

இதயத்தின் கணக்கும் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2,000 கலோரி உணவில் இது சுமார் 22 கிராம். மேற்சொன்ன ஒரே கோப்பையில் ஏறத்தாழ 18 கிராம் வந்துவிடுகிறது. காகித வடிகட்டி இல்லாமல் கொதிக்கவைத்தோ பிரெஞ்சு பிரஸ் கருவியிலோ தயாரிக்கும் காபியில் தங்கும் கஃபெஸ்டால் என்ற பொருளும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உயர்த்தக்கூடியது. இப்பானத்தைத் தொடர்ந்து அருந்துவோர் சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நீரிழிவு நோயாளிகளுக்கு எச்சரிக்கை இன்னும் கடுமையானது. இன்சுலின் அல்லது சல்போனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மருந்துகளை உட்கொள்வோருக்கு, சர்க்கரை அளவு பெரிதாக உயராமலேயே கீட்டோஅசிடோசிஸ் என்னும் உயிராபத்தான அமில மிகைநிலை நேரலாம். ஆகவே இம்மருந்துகளை எடுத்துக்கொள்வோர் தம் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கவே கூடாது.