ஓர் எழுத்து, ஐந்து கிலோ அரிசி

பெங்களூர் அல்சூரில் தமிழ் கேட்காத தெரு குறைவு. பிழைப்புக்காக வருகிற தமிழர்கள் ஊர் ரேஷன் கார்டையும் கொண்டுவருவதுண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் கர்நாடகம் 2020 ஜனவரியில் சேர்ந்தது. தமிழ்நாடு அதே அக்டோபரில். எனவே அல்சூர் நியாயவிலைக் கடைக் கருவியில் விரல் வைத்தால் அரிசி கிடைக்க வேண்டும்.

கிடைக்குமா என்பது கார்டில் அச்சிட்ட எழுத்துகளைப் பொறுத்தது. 'பி.எச்.எச்.' என்றிருந்தால், 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். ஊரில் இருக்கும் குடும்பம் தன் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். முன்னால் ஓர் 'என்' சேர்ந்து 'என்.பி.எச்.எச்.' ஆகிவிட்டால்? ஊரில் இலவச அரிசி வாங்கித்தரும் அதே கார்டு இங்கே வெறும் பிளாஸ்டிக். அந்த அரிசி தமிழக அரசின் தயவு. எல்லை தாண்டுவது மத்தியப் பங்கு மட்டுமே. (பருப்பும் பாமாயிலும் எந்தக் கார்டுக்கும் தாண்டாது.)

கர்நாடகக் கார்டுக்கு மாறலாம். 'பெங்களூர் ஒன்' மையத்தில் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக் கார்டென்றால் வருமானச் சான்றிதழும் வேண்டும். ஆனால் ஓர் ஆதார் எண் இரண்டு கார்டுகளில் இருக்க முடியாது. முதலில் ஊர்க் கார்டில் பெயரை நீக்கியாக வேண்டும். நீக்கிய நாளுக்கும் புதுக் கார்டு வரும் நாளுக்கும் இடையில் மளிகைக்கடை விலைதான்.