கொடுமுடி கோகிலம்



நான் சிறுவனாக இருந்த காலத்தில் என் தாயார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை செய்துவந்தார். எத்தனை டஜன் முடித்தாரோ அத்தனைக்கே கூலி. சனிக்கிழமை மாலையில் கூலி வாங்கச் செல்லும்போது என்னையும் உடன் அழைத்துச் செல்வார். கணக்குப்பிள்ளை கொடுத்ததை எண்ணிப் பாராமலே முந்தானையில் முடிந்துகொள்வார். ஒருநாள் திரும்பும் வழியில் ஒரு தேநீர்க்கடை வானொலியில் கே. பி. சுந்தராம்பாள் பாடிக்கொண்டிருந்தார். தாயார் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"நம்ம கொடுமுடியம்மா, கண்ணு. ரயில்ல பாடிக் காசு வாங்கின புள்ளெ, பின்னால லட்ச ரூவா கேட்டு வாங்குச்சு!" என்றார்.

அந்தக் கணக்கு என் உள்ளத்தில் பதிந்துவிட்டது. சில்லறைக் காசிலிருந்து லட்சம் வரையில் ஒரு குரல் எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

திருப்பூரிலிருந்து காங்கயம் வழியாகக் கிழக்கே சென்றால் காவிரிக்கரையில் கொடுமுடி இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற திருத்தலம் அது. அங்கே 1908-ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துக்களும் ஊரையும் தாயார் பாலாம்பாளையும் குறிப்பன. இளமையிலேயே தந்தையை இழந்த குடும்பம், வறுமை வாட்டியது. ஈரோட்டிலிருந்து திருச்சி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடி வழியாகத்தான் போகிறது. அந்த ரயில் வண்டிகளிலே பாடிப் பிழைத்தாள் அச்சிறுமி. அக்குரலைக் கேட்டு வியந்தவர்களால் நாடக மேடைக்கு வழி பிறந்தது. வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, முதலில் சிறுவர் வேடங்களில் நடித்தார்.

அக்கால மேடையைப் பற்றி நீங்கள் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். அதனால் உச்ச சுருதியில், சொல் சிதையாமல், இரவெல்லாம் பாட வல்லவரே நடிகர் எனப்பட்டனர். 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறையிலோ சோதனை இன்னும் கடுமை. நடிகர்களை ஓர் இரவுக்கென்று பேசி வெவ்வேறு ஊர்களிலிருந்து வரவழைப்பார்கள். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய பாட்டே ஆயினும், அதை எவ்வளவு விரித்துப் பாடுவது, எதிரில் நிற்பவருக்கு எவ்வாறு விடை சொல்லுவது என்பவை பாடுவோரின் கற்பனையைப் பொறுத்தவை.

அத்தகைய மேடையில்தான், அப்போது இலங்கையின் தலைநகராக இருந்த கொழும்பில், சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் இணைந்து நடித்தனர். கிட்டப்பாவின் குரலுக்கு ஈடுகொடுக்க ஒருவரும் இல்லை என்றிருந்த காலம் அது. 'வள்ளி திருமணம்' அவ்விருவராலும் பெரும்புகழ் பெற்றது. 1927-இல் இருவரும் மணந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். ஆதலால் அந்த வாழ்வில் இன்பத்தோடு துன்பமும் கலந்தே இருந்தது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள், முப்பது வயது நிரம்பாமலே கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து.

வெள்ளைச் சேலை உடுத்து மேடையை விட்டு விலகினார் அம்மையார். இனி ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அத்துடன் அவருடைய கலைவாழ்வு முடிந்ததென்றே பலரும் எண்ணியிருப்பார்கள். அப்போதுதான் 'நந்தனார்' படத்தில் நடிக்க அழைப்பு வந்தது. மறுத்துவிடும் எண்ணத்துடனேயே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பர். படமெடுத்தவர் அதற்கும் இசைந்தார்! 1935-இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடம்; அதாவது ஆண் வேடம். வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அம்மையார் தம் உறுதியையும் காத்துக்கொண்டார்; கலையையும் இழக்கவில்லை.

இவரைப் பற்றி எண்ணும்போது எகிப்து நாட்டின் உம் குல்தும் என் நினைவுக்கு வருவார். நைல் ஆற்றுப் படுகையில், பருத்தி விளையும் பகுதியிலே ஒரு சிற்றூரில் பிறந்தவர் அவர். பெண் குழந்தை பலர் முன்னிலையில் பாடுவதற்குத் தயங்கிய தந்தை, அவருக்கு ஆண்பிள்ளை உடை அணிவித்துப் பாடச் செய்தார். பின்னாளில் கெய்ரோ வானொலியில் அவர் பாடிய வியாழக்கிழமை இரவுகளில் அராபிய உலகமே செவிசாய்த்தது. 1975-இல் அவர் மறைந்தபோது மக்கள் வெள்ளம் தெருக்களை நிறைத்தது. ஒருவர் ஆணுடை புனைந்து பாட்டுலகில் நுழைந்தார். மற்றொருவர் ஆண் வேடம் ஏற்றுப் பாட்டுலகுக்குத் திரும்பினார். பெண்ணின் குரலுக்கு உலகம் அன்று வைத்திருந்த வாயில் அவ்வளவு குறுகலானது.

பின்னர் அம்மையாருக்கு வந்த பெருமைகள் பல. 1951-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953-இல் 'ஔவையார்' வெளிவந்தது. தமிழ் மக்கள் பலருக்கு ஔவையின் முகமும் குரலும் அன்று முதல் அவருடையவையே. 'பூம்புகா'ரில் கவுந்தியடிகளாகத் தோன்றினார். 'துணைவன்' படப் பாடல்களுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதைப் பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980-இல் அவர் மறைந்தார்.

நண்பர்களே, உங்களிற் பலர் பெற்றோரின் உழைப்பிலே படிக்கிறீர்கள். சிலர் நீங்களே உழைத்தும் படிக்கிறீர்கள். அவர்கள் பெருமைக்கு லட்ச ரூபாயை அளவாகக் கொள்ளாதீர்கள். தம் உழைப்பின் மதிப்பு இன்னது என்று பிறர் சொல்லக் காத்திராமல் தாமே சொன்னாரே, அதைக் கொள்ளுங்கள். எதைச் செய்வேன், எதைச் செய்யேன் என்பதையும் அவரே வகுத்தார்.

அன்று பாட்டு முடியும்வரை நின்றுவிட்டுத்தான் நாங்கள் வீடு திரும்பினோம். அடுத்த சனிக்கிழமை என் தாயார் கணக்குப்பிள்ளையின் முன்னாலேயே காசை எண்ணினார். நாலணா குறைந்தது. கேட்டார். கணக்குப்பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்தார்.