உரசினால் ஏன் பற்றுகிறது?

தீக்குச்சியைச் சுவரில் உரசினால் லேசில் பற்றாது. அதே குச்சியைப் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் கருஞ்சிவப்புப் பட்டையில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால், 'சர்ர்' என்று பற்றிக்கொள்ளும். அந்தப் பட்டையில் அப்படி என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருத்தங்கலை விடப் பொருத்தமான ஊர் ஏது? பக்கத்திலேயே சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை குறைந்த பூமி இது. குச்சியில் பூசிய மருந்து சீக்கிரம் காய்ந்தது. தொழிலும் வேர் பிடித்தது. பின்னாலேயே பட்டாசும் வந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய பாட்டியோ, பெட்டி ஒட்டிய அத்தையோ கட்டாயம் இருப்பார்கள்.

கல்லூரியில் வேதியியல் எடுக்கும் அண்ணன், அக்காக்கள் முதலாண்டில் படிக்கும் அடிப்படைகள் பலவும் அந்தச் சின்னக் குச்சியின் தலையிலேயே இருக்கின்றன. வாருங்கள், பார்ப்போம்.

மூன்றும் கூடினால்தான் தீ

எதுவும் எரிய வேண்டுமானால் மூன்று தேவை: எரியும் பொருள், ஆக்சிஜன், தொடங்கிவைக்கக் கொஞ்சம் ஆற்றல். ஒன்று குறைந்தாலும் தீ இல்லை.

குச்சியின் தலையில் கந்தகம் இருக்கிறது. அது எரியும் பொருள். அதோடு பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு. அதன் ஒவ்வோர் அலகிலும் ஒரு பொட்டாசியம், ஒரு குளோரின், மூன்று ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்திருக்கின்றன. சூடேறினால் ஆக்சிஜன் விடுபட்டு வெளியே வரும். கண்ணாடித்தூளும் பசையும் கூட உண்டு.

எரிவதும் ஆக்சிஜன் தருவதும் ஒரே தலையில் இருந்தும், குச்சி ஏன் சும்மா கிடக்கிறது? மூன்றாவது ஆள் இன்னும் வரவில்லை. வேதிவினை தொடங்கத் தேவைப்படும் அந்த முதல் உந்துதலைக் 'கிளர்வு ஆற்றல்' என்பார்கள். அதைக் கொடுப்பதுதான் பெட்டியின் பட்டை. பட்டையில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித்தூளும் பூசியிருக்கிறார்கள். உரசும்போது உண்டாகும் சூட்டில் துளி பாஸ்பரஸ் பற்றுகிறது. அந்தச் சூடு குளோரேட்டைத் தாக்குகிறது. விடுபட்ட ஆக்சிஜனோடு கந்தகம் சேர்ந்து எரிகிறது. மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி வருகிறதே, அதுதான் அப்போது பிறந்த கந்தக டை ஆக்சைடு.

அடுத்த முறை வீட்டில் பெரியவர்கள் விளக்கேற்றும்போது கூர்ந்து பாருங்கள். முதலில் சீறிக்கொண்டு ஒரு வெள்ளைச் சுடர். அதற்குத் தலையில் இருந்த ஆக்சிஜனே போதும். ஒரு நொடி கழித்துச் சீற்றம் அடங்கி, குச்சியின் மரம் மஞ்சளாக எரியும். அது காற்றில் இருந்து ஆக்சிஜனை வாங்கி எரிகிறது. ஒரே குச்சியில் இரண்டு தீ!

பிரித்துவைத்த அறிவு

பாஸ்பரசில் வெள்ளை என்றும் ஒரு வகை உண்டு. சிவப்பிலும் வெள்ளையிலும் இருப்பவை அதே பாஸ்பரஸ் அணுக்கள்தான்; அவை பிணைந்திருக்கும் விதம் வேறு. அதனால் குணமே மாறிவிடுகிறது. வெள்ளைப் பாஸ்பரஸ் நம் விருதுநகர் வெயிலுக்கே தானாகப் பற்றிவிடும். நச்சும் கூட. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அதை வைத்துத்தான் தீக்குச்சி செய்தார்கள். அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1888-ல் லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை விதிக்க ஒப்பந்தம் செய்தன.

மாற்று வழியை அதற்கு முன்பே சுவீடனில் கண்டுபிடித்திருந்தார்கள். 1844-ல் குஸ்தாவ் எரிக் பாஷ், பாஸ்பரசைக் குச்சியில் வைக்காமல் பெட்டிக்கு மாற்றினார். பிறகு லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதை மேம்படுத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சேர்ந்தால் பற்றும் பொருள்களைத் தேவைப்படும் நொடி வரை பிரித்துவை! எத்தனை எளிய யோசனை, எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது!

கணக்கு தப்பாது

குச்சி எரிந்து கரியானதும் எடை குறைந்துவிடுகிறது. மிச்சம் எங்கே போயிற்று? புகையாக, கார்பன் டை ஆக்சைடாக, நீராவியாகக் காற்றில் கலந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடித்து எடை போட்டால் ஓர் அணுவும் குறையாது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லவாய்சியே தராசை வைத்து இதை நிரூபித்தார்.

நீங்களே கூட்டிப் பாருங்கள். 245 கிராம் பொட்டாசியம் குளோரேட் முழுதாகச் சிதைந்தால் 149 கிராம் பொட்டாசியம் குளோரைடும் 96 கிராம் ஆக்சிஜனும் கிடைக்கும். 149-ம் 96-ம் சேர்ந்தால் 245!

இந்தக் கணக்குக்கு அணுக்களை எண்ண வேண்டுமே? தீப்பெட்டி வியாபாரத்தில் 144 பெட்டியை ஒரு குரோஸ் என்பார்கள். வேதியியலாருக்கு 'மோல்' அப்படி ஒரு எண்ணிக்கை. 6022 என்று எழுதி, அதன் பின்னால் 20 பூஜ்யங்களைப் போடுங்கள். ஏறக்குறைய அதுதான் ஒரு மோல். 18 கிராம் தண்ணீரில், அதாவது ஏறத்தாழ நான்கு டீஸ்பூனில், அத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன.

துருவும் தீப்பொறியும்

கம்பி மத்தாப்பில் தெறிக்கும் பொன்னிறப் பொறிகள் எரியும் இரும்புத்தூள். இரும்பு ஆக்சிஜனோடு சேர்கிறது. வாசலில் இருக்கும் இரும்புக் கேட் துருப்பிடிப்பதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்வதுதான். அங்கே ஈரமும் துணைக்கு வருகிறது. மத்தாப்பில் ஒரு நொடியில் நடப்பது கேட்டில் வருடக் கணக்கில் நடக்கிறது. தூளாக்கினால் ஆக்சிஜன் தொடும் பரப்பு கூடும். பரப்பு கூடினால் வினையும் வேகம் பிடிக்கும்.

தீயே இல்லாமல் இதைச் சோதிக்கலாம். ஹார்டுவேர் கடையில் துருப்பிடிக்கக்கூடிய மெல்லிய இரும்பு நார் வாங்குங்கள். வினிகரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, காலிக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் போட்டு, பாட்டிலின் வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். மறுநாள் காலையில் பலூன் பாட்டிலுக்குள் இழுக்கப்பட்டிருக்கும். உள்ளே இருந்த ஆக்சிஜனை இரும்பு எடுத்துக்கொண்டு துருவாகிவிட்டது!

ஊருக்குத் தேவையான பாடம்

பட்டாசு ஆபீஸ் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதும், மருந்து கலக்கும் இடத்தில் நைலான் உடுத்தாமல் பருத்தி உடுத்தச் சொல்வதும் வெற்றுச் சட்டம் இல்லை. நைலான் உரசலில் பிறக்கும் மின்பொறி பல நேரம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கிளர்வு ஆற்றலுக்கு அதுவே போதும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் அப்பாவோ அம்மாவோ பிள்ளையோதான். ஆகவே வெடிக்காத பட்டாசைப் பிரித்து மருந்தைச் சேர்க்கும் விளையாட்டு ஒருபோதும் வேண்டாம்.

குழந்தைகளே, தொழிலாளர்களின் உயிரையும் நம் காற்றையும் காக்கும் மருந்துக் கலவைகளை இன்னும் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு வேதியியலை ஆழமாகப் படித்தவர்கள் வேண்டும். மருந்தின் நெடியையும் அதன் ஆபத்தையும் பிறந்ததில் இருந்து அறிந்த திருத்தங்கல் பிள்ளைகளை விட அதற்குத் தகுதியானவர்கள் யார்? அணு, ஆக்சிஜன், ஆற்றல் என்று இன்றே தொடங்குங்கள்.