"கார்டு எடுத்துக்குவீங்களா?"

திருப்பூர் ஜில்லா, தாராபுரம் தாலுகாவில் உள்ள மூலனூருக்கு நீங்கள் போயிருக்காவிட்டாலும், அந்த ஊர் முருங்கைக்காயைச் சாம்பாரில் ருசி பார்த்திருக்கக் கூடும். வானம் பார்த்த பூமிதான். ஆனாலும் முருங்கையும் பருத்தியும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் அக்கம்பக்கத்து மூட்டைகளெல்லாம் அங்கே வந்து குவியும்.

முன்னெல்லாம் பருத்தி விற்ற பணத்தை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு நேரே கடைவீதிக்கு நடப்பார்கள். இப்போது பணம் பாங்குக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கடைவீதிக்கு எப்படிக் கொண்டுவருவது?

ஒரு ஜவுளிக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெண்ணின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு பெரியவர் வந்திருக்கிறார். பில் 10,000 ரூபாய்.

"கார்டு எடுத்துக்குவீங்களா, தம்பி?"

"மிசின் இல்லீங்களே, ஐயா. போன்ல அனுப்பிப் போடுங்களேன்."

"அந்தப் போனெல்லாம் நமக்கு ஆகாதுங்க. தாராபுரத்துலயே பார்த்துக்கறோம்."

கட்டிய மூட்டையை அவிழ்த்து அடுக்குகிறார் கடைக்காரர். மறுநாளே பாங்குக்குப் புறப்பட்டுவிடுகிறார். அவரோடு நாமும் போய்ப் பார்ப்போமா?

பர்ஸை மறந்தவர் கதை

இந்தக் கார்டு சமாசாரம் பிறந்ததைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. நியூயார்க்கில் பிராங்க் மக்னமாரா என்பவர் ஹோட்டலில் வயிறாரச் சாப்பிட்டாராம். பிறகு பார்த்தால் பர்ஸ் வீட்டில்! கதை நிஜமோ, விளம்பரத்துக்காகக் கட்டியதோ, 1950-இல் அவர் 'டைனர்ஸ் கிளப்' அட்டையைத் தொடங்கியது நிஜம். 1958-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தில் ஒரு பாங்கு, கேட்காமலே சுமார் 60,000 பேருக்குத் தபாலில் கார்டு அனுப்பியது. அதுதான் பிற்பாடு 'விசா' ஆயிற்று. நம் நாட்டின் சொந்தக் கார்டான 'ரூபே' வந்தது 2012-இல்.

பாங்கு ஏன் துருவுகிறது?

பாங்கில் நம் கடைக்காரரிடம் பான் கார்டு, ஆதார், கடையின் பதிவுச் சான்று, 'உத்யம்' பதிவு, ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது, ரத்து செய்த செக் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கடையின் பேரில் நடப்புக் கணக்கு வேண்டும் என்பார்கள். கடையையே நேரில் வந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டும் போவார்கள்.

"பணம் எனக்கு வரப் போகிறது. நான் என்ன கடனா கேட்கிறேன்?" என்று அவருக்குக் கோபம் வரலாம். ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வாடிக்கைக்காரர் கார்டைத் தேய்த்ததும், உங்கள் பாங்கு பெரும்பாலும் அடுத்த வேலை நாளிலேயே உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. சில வாரம் கழித்து அந்த வாடிக்கைக்காரர், "சரக்கு வரவேயில்லை" என்றோ, "கார்டு என்னுடையது, தேய்த்தது நான் அல்ல" என்றோ தம் பாங்கில் புகார் செய்யலாம். புகார் நியாயமென்று தீர்ந்தால் பணம் திரும்பிப் போயாக வேண்டும். அப்போது நீங்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தால் நஷ்டம் பாங்குக்கு! ஆகவே, வியாபாரிக் கணக்கு என்பது ஒரு விதத்தில் பாங்கு உங்களுக்குத் தரும் கடன்தான். அதனால்தான் ஜாதகம் பார்க்கிறார்கள்.

பத்தாயிரத்தில் எவ்வளவு போகும்?

இனிமேல்தான் பென்சிலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர் நீட்டியது ரூபே டெபிட் கார்டு என்றால், கழிவு ஒன்றும் கிடையாது. 2020 ஜனவரியிலிருந்து அப்படி. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் பாங்கு 2018-இல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முந்தைய நிதியாண்டில் 20 லட்சத்துக்கு உட்பட்ட வியாபாரமானால் 0.40 சதவீதம், அதற்கு மேற்பட்டால் 0.90 சதவீதம். அதாவது 40 ரூபாய், அல்லது 90 ரூபாய்.

கிரெடிட் கார்டுக்கு அந்த வரம்பு இல்லை. ஒப்பந்தத்தில் 2 சதவீதம் என்று எழுதியிருந்தால் 200 ரூபாய் போயிற்று. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாய். ஆக 236. சேலையில் பத்து சதவீதம்தான் லாபம் என்றால், கிடைக்கிற 1,000 ரூபாயில் ஏறக்குறைய கால் பங்கு! இது போக மிஷினுக்கு மாத வாடகை. மாதம் 300 என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 3,600. ஆடி மாதம் வியாபாரம் படுத்துவிட்டாலும் வாடகை படுக்காது!

"கழிவை வாடிக்கைக்காரர் தலையில் கட்டிவிட்டால் என்ன?" என்று சிலர் நினைப்பார்கள். டெபிட் கார்டுக்கு அப்படி வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் கட்டளை.

கையெழுத்துக்கு முன்னால்

ஆகவே, பேனாவைத் திறப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். எந்தக் கார்டுக்கு எத்தனை கழிவு? வாடகை எவ்வளவு? வியாபாரமே இல்லாத மாதத்திலும் உண்டா? பணம் எந்த நாள் வரும்? பாதியில் மிஷினைத் திருப்பிக் கொடுத்தால் அபராதம் உண்டா? தகராறு வந்தால் எத்தனை நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்? வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

மிஷின் வந்த பிறகு பில் நகலையும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். புகார் வந்தால் அவைதான் உங்கள் சாட்சி. 5,000 ரூபாய் வரைக்கும் ரகசிய எண் இல்லாமலே கார்டைக் காட்டிவிட்டுப் போக முடியும். அதற்கு மேலே வாடிக்கைக்காரரே எண்ணை அழுத்தட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். "மிஷினைச் சரி செய்கிறோம், போனில் வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் சொல்லவே சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அப்படியானால் வேண்டுமா, வேண்டாமா?

டீக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் சுவரில் ஒட்டிய யு.பி.ஐ. அட்டையே தாராளம். வாடகைத் தண்டமில்லை. சில்லறை வியாபாரத்துக்கு மிஷின் வைப்பது, கொசுவுக்குப் பீரங்கி வைப்பது போல. ஆனால் ஜவுளி, நகை, உர மருந்து, மின்சார சாமான் என்று ஆயிரக்கணக்கில் பில் போடும் கடையானால் கணக்கு வேறு. மாதத்தில் எத்தனை பேர் கார்டைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அவர்களால் வந்திருக்கக் கூடிய லாபம் ஒரு பக்கம், வாடகையும் கழிவும் மறு பக்கம். தராசு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதன்படி செய்யுங்கள்.

நம் ஜவுளிக் கடைக்காரர் நோட்டுப் போட்டுப் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முகூர்த்த மாதத்தில் அந்தப் பெரியவர் வளைகாப்புச் சேலைக்கு வருகிறார்.

"கார்டு எடுத்துக்குவீங்களா, தம்பி?"

"வாங்க ஐயா, உட்காருங்க! ரூபே கார்டுதானுங்களே?"