கழுத்தில் ஒரு சிறு சுரப்பி



"எந்நேரமும் அசதியாயிருக்கிறது பாஸ்டர், வீட்டிலோ சோம்பேறி என்கிறார்கள்" என்று ஜெபிக்க வருகிறவர்கள் உண்டு. இதோடு உடல் பருத்தல், முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு ஆகியவையும் இருந்தால், கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு குறைவாகச் சுரக்கக்கூடும். டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைக் குறித்தே. அளவு சரியாயிற்று என்று சாட்சி சொல்லி, தைராக்ஸின் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பிரியமானவர்களே, அளவு சரியாயிருப்பது பெரும்பாலும் அந்த மாத்திரையினால்தான்! மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதிருங்கள். மாத்திரை விழுங்குவது அவிசுவாசமன்று, லூக்காவும் வைத்தியனே.

அதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பி அருந்துங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

கர்ப்பமுற்ற சகோதரிகள் தாமதிக்கலாகாது. முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டுச் சுரப்பே ஆதாரம். மருந்தின் அளவைக் கூட்ட நேரிடலாம். அவர்களும், கழுத்தில் கட்டி காண்கிறவர்களும், உடல் இளைத்து நெஞ்சு படபடத்துக் கை நடுங்குகிறவர்களும் எண்டோகிரைனாலஜிஸ்ட் எனப்படும் நாளமில்லாச் சுரப்பி நிபுணரைக் காணவேண்டும். செலவுக்கு அஞ்சவேண்டாம். மும்பை பரேலிலுள்ள கே.இ.எம். மாநகராட்சி மருத்துவமனையிலும், டெல்லி எய்ம்ஸிலும் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. வரிசை நீளம்தான், பழைய ரிப்போர்ட்டுகளையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அதிகாலையிலேயே புறப்படுங்கள். இந்தி தெரியாவிட்டால் சபையிலுள்ள ஒரு வாலிபரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.