தீவகத்துக் கடலட்டையும் நமது தராசும்

நாம் வாயில் வைக்கவும் கூசுகின்ற ஒரு பொருளுக்கு, அதை விருந்தாக உண்பவரிடம் எப்படி விலை பேசுவது? ஊர்காவற்துறைப் பக்கம் வியாபாரத்துக்குப் போகும் போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழும்.

கடலட்டையைத்தான் சொல்கிறேன். தீவகக் கரையில் மூடை கட்டப்படும் இது சிங்கப்பூர், ஹொங்கொங் வழியாகச் சீனர்களின் விருந்து மேசைக்குப் போகிறது. சீன மொழியில் இதன் பெயருக்குக் ‘கடல் ஜின்செங்’ என்று பொருள். அவர்களுக்கு இது உணவும்தான், மருந்தும்தான். ஒடியற் கூழுக்கு நண்டு, இறால், மீன் என்று எல்லாவற்றையும் போடும் தீவக மக்கள் இதை மட்டும் சட்டியில் இடுவதில்லை.

ருசி தெரியாதவனுக்குத் தரமும் தெரியாது. நான் பட்ட நட்டமே சாட்சி. சில வருடங்களுக்கு முன் வெள்ளை அட்டை ஒரு தொகை வாங்கிக் கொழும்பில் கொடுத்தேன். நிறை சரி, அளவும் சரி. வாங்க வந்தவர் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அவ்வளவுதான், முழுச் சரக்கும் இரண்டாந் தரமாகிவிட்டது. அவர் மீது பிழையில்லை.

அட்டையைக் கீறிக் குடலை அகற்றி, அவித்து, ஈர மணலில் ஓர் இரவு புதைத்து வைத்தால்தான் மேற்தோலின் சுண்ணாம்புப் படை இளகும். பிறகு தேய்த்துக் கழுவி, மீண்டும் அவித்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். பச்சை நிறையில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிது. அரைகுறையாகக் காய்ந்ததை மூடை கட்டினால் வழியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.

நாம் வீசுகின்ற குடல்கூட வேறிடத்தில் காசு. ஜப்பானியர் தம் கடல் அட்டையின் குடலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரிய பண்டமாக விற்கின்றனர். மலேசியாவின் லங்காவியில் மலாய் முஸ்லிம்கள் ‘கமாத்’ என்ற பெயரில் அட்டையிலிருந்து தைலமே தயாரிக்கின்றனர். (உண்ணலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வியாபாரம் மட்டும் பேசுகிறேன்.)

இப்போது தீவகத்தின் ஆழமில்லாக் கடலில் வலையடைத்த பண்ணைகள் வந்துள்ளன. குஞ்சு விட்டு ஏறக்குறைய ஒரு வருடம் பொறுத்தால் அறுவடை. பங்குக்கு ஆள் தேடி நம்மவர்களிடமும் வருகிறார்கள். பணம் போடுமுன் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உண்டாக்கும் வித்தை 1988இலேயே தூத்துக்குடியில் கைகூடியது. இருந்தும் கடலில் அள்ளியதையே அடைப்புக்குள் விட்டால் அது வளர்ப்பல்ல. மலிவாகக் கிடைக்கும் அக்கரைச் சரக்கையும் தொடாதீர்கள். இந்தியாவில் 2001 முதல் அட்டை பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

இன்னொன்றும் உண்டு. கரையோரக் கடல் வெறும் நிலமல்ல. இறால் வலை போடுபவரும் களங்கண்ணி கட்டுபவரும் அங்கேதான் பிழைக்கின்றனர். 2022இல் கிளிநொச்சி, கிராஞ்சியில் கடற்றொழிலாளர்கள் பண்ணைகளுக்கு எதிராக வாரக்கணக்கில் போராடியதை மறக்கலாகாது. 1990 வெளியேற்றத்துக்கு முன் என் வாப்பா தீவகத்தில் சங்கும் அட்டையும் வாங்கினார். கரையிலுள்ளவர்களின் முகம் பார்த்துத்தான் அவர் முன்பணம் கொடுத்தார்.

எனக்கும் ஒரு பண்ணையில் பங்கு தருவதாக அழைப்பு வந்தது. அனுமதிப்பத்திரத்தையும் அவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதக் கடிதத்தையும் கேட்டேன். முதலாவது மறுவாரமே வந்தது. இரண்டாவது இன்னும் வரவில்லை. பணம் என் கையிலேயே இருக்கிறது.