ரஸாயன இஞ்சினீயர்களும் கிராம ஜனங்களும்

ஒரு தொழிலில் தேர்ந்தவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக்கொள்வதும், அவ்வப்போது பிரசங்கங்கள் நடத்துவதும், தாம் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லி, அறியாததைப் பிறரிடம் கேட்டுக்கொள்வதும் முன்னேற்றமடைந்த தேசங்களின் லக்ஷணமாகும். வக்கீல்களுக்கும் வைத்தியர்களுக்கும் இருப்பது போலவே ரஸாயன இஞ்சினீயர்களுக்கும் இத்தகைய சங்கங்கள் உண்டு. நிபுணர்களின் உபந்நியாசங்கள், ஆலைகளைப் பார்வையிடும் பயணங்கள், மாணவர்களுக்குப் போட்டிகள், வருஷாந்தர மகாநாடு என்று அவற்றின் காரியங்கள் ஒழுங்காகவே நடைபெறுகின்றன. இவற்றில் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் இந்தப் பிரசங்கங்கள் யாருடைய காதில் விழுகின்றன என்பதைப் பற்றியே இன்று ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

ரஸாயன இஞ்சினீயர் என்பவர் யார் என்று கேட்கும் வாசகர்களும் இருக்கக்கூடும். ரஸாயன சாஸ்திரி கண்ணாடிக் குப்பியில் ஒரு கரண்டியளவு செய்து காட்டும் பொருளை, ஆலையில் டன் கணக்கில் செய்து கொடுப்பவர் அவர். காய்ச்சுதல், வடித்தல், ஆவியாக்குதல், உலர்த்துதல், பிரித்தெடுத்தல் ஆகியவையே அவருடைய தொழிலின் அடிப்படைகள். கரும்புச் சாற்றை வெல்லமாகக் காய்ச்சும் குடியானவரும், நெல்லைப் புழுக்கும் மாதரசியும் இவற்றில் சிலவற்றை அறிந்தவர்களே. வித்தியாசம் அளவில் இருக்கிறது. குப்பியில் நேரும் பிசகு ஒரு கையைச் சுடும். ஆலையில் நேரும் பிசகோ ஓர் ஊரையே சுடும்.

இத்தொழிலுக்கு அமெரிக்காவில் 1908-ம் வருஷத்திலும், இங்கிலாந்தில் 1922-ம் வருஷத்திலும் சங்கங்கள் தோன்றின. நம் நாட்டில் இந்திய ரஸாயன இஞ்சினீயர்கள் சங்கம், நாம் சுதந்திரம் அடைந்த அதே 1947-ம் வருஷத்தில், டாக்டர் ஹீராலால் ராய் அவர்களின் முயற்சியால் ஸ்தாபிக்கப்பெற்றது. அதன் தலைமை நிலையம் கல்கத்தாவில் ஜாதவபுரத்தில் இருக்கிறது. அந்த ஜாதவபுரத்துக் கல்வி ஸ்தாபனமோ, சுதேசி இயக்கத்தின்போது 1906-ல் வங்காளத்தில் ஏற்பட்ட தேசியக் கல்விக் கழகத்தின் வழிவந்தது. அக்கழகத்தின் கல்லூரிக்கு முதல் தலைவராக இருந்த ஸ்ரீ அரவிந்தர்தாம் 1910-ல் நமது புதுவைக்கு வந்து சேர்ந்தார். ஆகவே, கலாசாலை அறிவு நம் ஜனங்களுக்குப் பயன்படவேண்டும் என்ற லக்ஷியம் இந்தச் சங்கத்தின் பிறப்போடு கூடியது. அதை இப்பொழுது நினைவூட்டுவது தவறாகாது.

இனி வில்லியனூரையும் பாகூரையும் பார்ப்போம். சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் வில்லியனூர்ப் பக்கத்துக்கு உயிர்நாடி. பாகூரோ புதுவைப் பிரதேசத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. இரு கொம்யூன்களிலும் குடிநீருக்கும் பயிருக்கும் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை முதலிய இடங்களில் தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. பெண்ணையாற்றுக்கு அப்பால், கடலூருக்குத் தெற்கே, ரஸாயன ஆலைகள் நெருங்கிய சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இந்த ஆலைகளால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அவை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன காய்ச்சப்படுகிறது என்பது, இந்தப் பக்கம் சோறு சமைக்கும் குடும்பத்துக்குத் தெரியாமல் இருப்பது நியாயமா?

தெரியாமல் இருந்ததன் விலை என்ன என்பதை 1984-ம் வருஷம் டிஸம்பர் 2-ந் தேதி இரவு போபால் நகரம் உலகத்துக்குக் காட்டியது. மிதைல் ஐஸோஸயனேட் என்னும் விஷப் பொருள் இருந்த தொட்டியில் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் விஷவாயு நகரத்தின்மீது படர்ந்தது. அதைக் குளிர வைக்கவேண்டிய யந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. எரித்து அழிக்கவேண்டிய கோபுரம் வேலை செய்யும் நிலையில் இல்லை. மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். இவ்வளவும் ஆலைக்கு உள்ளே நேர்ந்த குற்றங்கள். வெளியே நேர்ந்தது வேறொன்று. நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டால் ஓரளவேனும் காப்பு உண்டு என்பதைக்கூட அந்த ஏழை ஜனங்களுக்கு முன்னதாக ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. எந்தத் திசையில் ஓடுவது என்று அறியாமல் அவர்கள் ஓடினார்கள். வைத்தியர்களுக்கும் அந்த விஷம் இன்னதென்று அப்பொழுது தெளிவாகத் தெரியவில்லை. ஒரு மணி நேரப் பிரசங்கத்தில் அடங்கக்கூடிய அறிவு அது! 2020-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி விடியற்காலையில் விசாகப்பட்டணத்துக்கு அருகில் ஸ்டைரீன் ஆவி கசிந்து பலர் மாண்டபோது, அந்தப் பழைய பாடம் மீண்டும் நம் முன் வந்து நின்றது.

சட்டம் தூங்கிவிட்டதென்று சொல்ல முடியாது. போபாலுக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில் நடத்துவோர் அதன் அபாயங்களைத் தொழிலாளிகளுக்கும், உள்ளூர் ஸ்தாபனத்துக்கும், சுற்றுப்புறத்து ஜனங்களுக்கும் தெரிவிக்கவேண்டும் என்ற கடமை விதிக்கப்பட்டது. 1989-லும் 1996-லும் வந்த விதிகள், அவசர காலத் திட்டங்களுக்கும் உள்ளூர் நெருக்கடிக் குழுக்களுக்கும் இடம் செய்தன. ஆயினும், சட்டத் தொழிலில் பழகிய நாம் ஒன்று அறிவோம்: இங்கிலீஷில் எழுதி, காரியாலயத்துச் சுவரில் ஒட்டி, கட்டில் கோத்து வைத்த அறிவிப்பு சட்டத்தைத் திருப்திப்படுத்தலாம், ஒரு கிழவியைக் காப்பாற்றாது. காகிதத்தில் உள்ளதைக் காதுக்குக் கொண்டுவர மனிதர்கள் வேண்டும். அந்த மனிதர்கள் ரஸாயன இஞ்சினீயர்களைத் தவிர வேறு யார்?

இதற்கு மூன்று ஆக்ஷேபங்கள் கூறப்படும். முதலாவது, தமிழில் சொற்கள் இல்லை என்பது. டாக்டர் கிறீன் 1875-ம் வருஷத்திலேயே 'கெமிஸ்தம்' என்று தமிழில் ஒரு ரஸாயன நூலை வெளியிட்டார். சேலத்தில் 1916-ல் ராஜாஜி முதலியோர் சாஸ்திரச் சொற்களுக்காகவே ஒரு சங்கம் கண்டார்கள். குறை சொல்லில் இல்லை. சொல்ல வேண்டும் என்ற மனத்தில் இருக்கிறது. இரண்டாவது, உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பீதி அடைவார்கள் என்பது. பாம்பு இருக்கும் புதரைக் காட்டினால் குழந்தை பயப்படும் என்று எந்தத் தாயாவது காட்டாமல் இருப்பதுண்டா? மூன்றாவது, இஞ்சினீயர்கள் ஆலைகளில் சம்பளம் பெறுகிறவர்கள், முதலாளியின் ரகசியங்களை வெளியிடலாகாது என்பது. இதில் நியாயம் உண்டு. நாம் ரகசியங்களைக் கேட்கவில்லை. பொருளின் பெயர் என்ன, அது வெளிப்பட்டால் எப்படிப் பரவும், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு மாத்திரமே விடை கேட்கிறோம்.

உதாரணமாகக் குளோரின் வாயுவை எடுத்துக்கொள்வோம். குடிநீரைச் சுத்தம் செய்வதற்கும் அது பயன்படுகிறது. அது காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. ஆகையால் பள்ளத்தில் தேங்கும். கசிவு நேர்ந்தால் காற்று வீசும் திசையிலேயே ஓடுகிறவன் வாயுவோடு சேர்ந்தே ஓடுகிறான். காற்றுக்குக் குறுக்காக விலகி, மேட்டுப்பாங்கான இடத்துக்குப் போகவேண்டும். இதைச் சொல்லுவதில் எந்த முதலாளியின் ரகசியம் வெளிப்படுகிறது?

ஆகவே நமது யோசனைகள் இவை. சங்கத்தார் தம்முடைய கூட்டங்களில் சிலவற்றையேனும் வில்லியனூரிலும் பாகூரிலும், ஜனங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், தமிழில் நடத்தவேண்டும். புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் கற்கும் மாணவர்கள் கிராமங்களுக்கு வந்து, கிணற்று நீரில் உப்பு எவ்வளவு, கடினம் எவ்வளவு என்று பரீக்ஷித்து, முடிவைத் தமிழில் எழுதி ஊர்ச் சாவடியில் வைக்கவேண்டும். வருஷந்தோறும் இப்படிச் செய்தால், கடலோரத்தில் உவர்நீர் ஏறுகிறதா, ஆலைப் பக்கத்தில் நீர் கெடுகிறதா என்பது வதந்தியாக இல்லாமல் கணக்காகத் தெரியும். கணக்கு ஜனங்களையும் காக்கும். குற்றமற்ற ஆலையையும் வீண் பழியிலிருந்து காக்கும். அபாய மணி ஒலித்தால் செய்யவேண்டியதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்திக் காட்டவேண்டும். கொம்யூன் பஞ்சாயத்து இடம் கொடுக்கட்டும். ஆலை முதலாளிகள் செலவை ஏற்கட்டும். கேள்வி கேட்கும் உரிமை மாத்திரம் ஜனங்களுடையதாக இருக்கட்டும்.

கிராமத்தில் கல்விக் கூட்டமா என்று நகைப்பவர்களுக்குப் பாகூரின் சரித்திரமே பதில் சொல்லும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கன் காலத்தில், அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் மானியமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. வித்வான்களை ஊர் போஷித்தது. இன்று இஞ்சினீயர்களைக் கலாசாலைகளில் பயிற்றுவிக்கும் செலவில் குடியானவரின் வரிப்பணமும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கடனில் ஒரு பங்கையாவது அவர்கள் திருப்பிக் கொடுக்கவேண்டாமா?

1954-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர், புதுவை இந்தியாவோடு சேரவேண்டும் என்று வாக்களித்தார்கள். தம்முடைய தலைவிதியைத் தாமே நிர்ணயித்துக்கொள்ள அந்தக் கிராமப் பூமி தகுதியுள்ளதாக இருந்தது. தாம் குடிக்கும் நீரிலும் மூச்சு விடும் காற்றிலும் என்ன கலந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளவும் அதே ஜனங்கள் தகுதியுள்ளவர்களே. ரஸாயன இஞ்சினீயர்களின் அடுத்த பிரசங்கம் வில்லியனூரில் நடைபெறட்டும்.